வருமான வரிக் கணக்கு: நாமே எழுதுவதா, ஆள் வைப்பதா?

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் இருந்த இந்த விலக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அப்படியிருக்க, ஒரு ஏக்கர் வாழையும் அரை ஏக்கர் கொடிக்காலும் வைத்திருப்பவருக்கு வரிக் கணக்கைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இன்று வரி கட்டவேண்டியவர்களைவிட, வரி கட்டவேண்டாதவர்களே இந்த விஷயத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

புன்னைக்காயல் பக்கத்தில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர். தூத்துக்குடியில் ஓர் ஆலையில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில் 9 லட்சத்தைப் பாங்கில் டெபாசிட் போட்டுவிட்டு, தாமிரபரணி கடலில் கலக்கும் அந்தக் கடைமடையில் ஒரு ஏக்கர் வாழை வைத்திருக்கிறார். டெபாசிட்டுக்கு 7 சதவீதம் என்று வருஷ வட்டி ரூ. 63,000. பாங்கில் அதில் 10 சதவீதம், ரூ. 6,300 வரியாகப் பிடித்துவிட்டார்கள். அவருக்கோ வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை. பிடித்த பணத்தைத் திரும்பப் பெற ஒரே வழி, வருமான வரி அறிக்கை தாக்கல் செய்வதுதான்.

கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவரிடம் போனார். ரூ. 1,500 வாங்கிக்கொண்டு அவர் வேலையை முடித்துக் கொடுத்தார். 6,300 ரூபாயும் வந்துவிட்டது. சில மாதம் கழித்து நம் விவசாயி என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, பிடிச்ச பணம் வந்துட்டு. ஆனா வீட்டுல அவளுக்கு மாசம் ஆயிரம் ரூபாய்க்கு எழுதிப் போட்டது தள்ளுபடி ஆயிட்டு. வருமானம் கூடுதலாம்!” என்றார்.

அறிக்கையை வாங்கிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. இல்லாத ஒரு வியாபாரத்தை எழுதி, அதில் ரூ. 4,80,000 வருமானம் என்று காட்டியிருந்தது. கேட்டதற்கு, “நாளைக்கு லோன் கேட்டால் பாங்கில் மதிப்பார்கள் என்று நல்லதுக்குத்தான் போட்டேன்” என்றாராம் அவர். 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் விதிகளில், வருஷம் ரூ. 2.5 லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டி வரி அறிக்கை தாக்கல் செய்பவர் உள்ள குடும்பத்துக்குத் தொகை இல்லை என்று வைக்கப்பட்டது. 6,300 ரூபாயை மீட்கப் போனவர், வருஷம் 12,000 ரூபாய்க்கான வாய்ப்பை இழந்து நின்றார்.

வீண் பயமும் வேண்டாம்

இதைக் கேட்டுவிட்டு, “அறிக்கையே போடாமல் இருந்தால் தேவலை” என்று முடிவு செய்வதும் தவறு. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் ரூ. 6,000 என்று வகுக்கப்பட்டது. அதில் விலக்கப்பட்டவர்கள், முந்தைய கணக்கு வருஷத்தில் வருமான வரி செலுத்தியவர்கள். அறிக்கை தாக்கல் செய்வது வேறு, வரி செலுத்துவது வேறு. உள்ள வருமானத்தை உள்ளபடி எழுதி, வரி இல்லை என்று காட்டி, பிடித்த பணத்தைத் திரும்பப் பெறுபவர் வரி செலுத்தியவர் ஆகமாட்டார். ஆபத்து அறிக்கையில் இல்லை, அதில் எழுதப்படும் பொய்யில் இருக்கிறது.

முதலில் பிடிக்க விடாதீர்கள்

பிடித்த பிறகு திரும்பப் பெறுவதைவிட, பிடிக்காமல் பார்த்துக்கொள்வது மேல். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு பாங்கில் வருஷ வட்டி ரூ. 50,000-ஐத் தாண்டினால்தான் வரிப் பிடித்தம். 60 வயது நிறைந்தவர்களுக்கு இந்த வரம்பு ரூ. 1 லட்சம். அதற்கு மேல் வட்டி வந்தாலும், மொத்தத்தில் வரி கட்ட வேண்டியதில்லை என்றால் வருஷ ஆரம்பத்திலேயே பாங்கில் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். 15ஜி என்றும், மூத்தவர்களுக்கு 15எச் என்றும் பல வருஷமாக நாம் அறிந்து வந்த படிவம் இதுதான். நம் விவசாயி ஏப்ரல் மாதத்தில் அரை மணி நேரம் பாங்கில் செலவழித்திருந்தால் இத்தனை அலைச்சலும் இல்லை. பான் எண் கொடுக்காதவருக்கு 10 சதவீதம் அல்ல, 20 சதவீதம் பிடிப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

நாமே செய்யக்கூடியது எது?

டெபாசிட் வட்டி, பென்ஷன், அதோடு சொந்த நிலத்தின் விளைச்சல். இவ்வளவுதான் வருமானம் என்றால் ஆள் தேவையில்லை. காசு கொடுத்து மென்பொருள் வாங்கவும் தேவையில்லை. வருமான வரித் துறையின் சொந்த இணையதளமே இலவசம். 2021 ஜூனில் புதிதாக மாற்றப்பட்டபோது பல மாதம் தகராறு செய்தது உண்மை. இன்று பாங்கில் பிடித்த வரி, வட்டி விவரங்கள் பலவும் தானாகவே அதில் நிரம்பி வருகின்றன. வீட்டில் பிளஸ் டூ படித்த பிள்ளை இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை.

செய்யவேண்டியவை சில. பான் எண்ணோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் பதிவான தொலைபேசி கையில் இருக்க வேண்டும். படிவம் 26ஏஎஸ், வருடாந்தரத் தகவல் அறிக்கை என்ற இரண்டையும் திறந்து, பிடித்த தொகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். செலவு போக விவசாய வருமானம் ரூ. 5,000-க்குள் என்றால்தான் எளிய படிவமான ஐ.டி.ஆர்.-1. அதற்கு மேல் என்றால், வியாபாரம் இல்லாதவர் ஐ.டி.ஆர்.-2-ஐ எடுக்க வேண்டும். விலக்கு பெற்ற வருமானம் என்ற பகுதியில் விளைச்சல் விற்ற தொகை, செலவு, மிச்சம் மூன்றையும் எழுத வேண்டும். மிச்சம் ரூ. 5 லட்சத்தைத் தாண்டினால் நிலத்தின் அளவு, ஊர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையும் கேட்கும்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அறிக்கையே போடாததற்குச் சமம். இவ்வகை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. 2025-ல் செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள். அதை நம்பி ஒவ்வொரு வருஷமும் காத்திருக்கக்கூடாது.

ஆடிட்டரிடம் போகவேண்டியது எப்போது?

மென்பொருள் நாம் தட்டியதைக் கூட்டிக் கழிக்கும். எது விவசாயம், எது விவசாயம் அல்ல என்று அது நமக்குச் சொல்லித் தராது. நம் கரையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் விவசாயம். வாழை விவசாயம். அந்த நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகைக்கு விட்டு வரும் பணமும் விவசாய வருமானமே. ஆனால் பழையகாயல் பக்கத்து உப்பளம் விவசாயம் அல்ல. பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வாரி எடுத்தாலும் உப்பு விளைச்சல் சட்டத்தின் கண்ணில் பயிர் ஆகாது. மீன்பிடிப்பு, இறால் பண்ணை, கோழி, பால் மாடு இவையும் அப்படியே. முத்துக்குளித்த காலத்தில் போர்த்துக்கீசியருக்கு வரி கட்டிய கரை இது. ஒரே குடும்பத்தில் வாழையும் வள்ளமும் உப்பளப் பங்கும் இருப்பது இங்கே சகஜம். இப்படிக் கலந்த வருமானம் உள்ளவர் ஆடிட்டரிடம் போவதே நல்லது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விவசாய வருமானத்துக்கு நேராக வரி இல்லை. ஆனால் மற்ற வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய மிச்சமும் ரூ. 5,000-ஐத் தாண்டினால், இரண்டையும் கூட்டிப் பார்த்து மற்ற வருமானத்துக்கான வரியை நிர்ணயிப்பார்கள். 1972-ல் கே.என். ராஜ் கமிட்டி செய்த சிபாரிசை ஒட்டி 1973-ல் வந்த ஏற்பாடு இது. சம்பளக்காரரான மகன் பெயரில் நிலம் இருந்தால் இது பொருந்தக்கூடும்.

நிலம் விற்றால் கட்டாயம் ஆடிட்டரைப் பாருங்கள். கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் ஆதாய வரி இல்லை. ஆனால் எது கிராமம் என்பதற்குச் சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. 10,000 பேருக்குக் குறையாத நகராட்சி போன்ற அமைப்பின் எல்லைக்குள் இருந்தால் விலக்கு இல்லை. எல்லைக்கு வெளியே என்றால், ஒரு லட்சம் பேர் வரையுள்ள காயல்பட்டினம் போன்ற ஊருக்கு 2 கிலோ மீட்டர், 10 லட்சம் வரையுள்ள தூத்துக்குடி போன்ற மாநகராட்சிக்கு 6 கிலோ மீட்டர், அதற்கும் பெரிய நகருக்கு 8 கிலோ மீட்டர் தூரம் தள்ளி இருக்க வேண்டும். அதுவும் சாலை வழியாக அல்ல, வான்வழித் தூரம். அரை கிலோ மீட்டர் வித்தியாசத்தில் லட்சக்கணக்கில் வரி வரலாம். அந்த நேரத்தில் ஆடிட்டருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் நஷ்டம் ஆகாது.

2013-ம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டப்படி கிடைக்கும் நஷ்ட ஈட்டுக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. தவறுதலாகப் பிடித்திருந்தாலும் திரும்பப் பெறலாம். கப்பலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தார்கள் என்பதை வைத்து வரி மாறும். இவையெல்லாம் படித்தவர் கண் படவேண்டிய விஷயங்கள்.

யாரிடம் போகவே கூடாது?

“கூடுதலாக ரீபண்டு வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் எனக்கு” என்று சொல்பவரிடம் போகவே கூடாது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் நடந்த சோதனைகளைப் பற்றி அறிவித்தது. இல்லாத நன்கொடை, இல்லாத கடன் வட்டி, இல்லாத மருத்துவச் செலவு என்று பொய்க் கழிவுகளை எழுதிக் கொடுத்த இடைத்தரகர்களே காரணம் என்றது. அந்த ஆட்கள் தற்காலிகமாக ஓர் இ-மெயில் முகவரியை உண்டாக்கி, கூட்டம் கூட்டமாக அறிக்கைகளைப் போட்டுவிட்டு, பிறகு அந்த முகவரியைக் கைவிட்டு விடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் யார் கண்ணிலும் படுவதில்லை. வட்டியும் அபராதமும் ஏறுகின்றன. வேண்டுமென்றே தவறாகக் காட்டினால், ஏய்த்த வரியைப் போல் இரு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நோட்டீஸ் வருவது தரகர் பெயருக்கு அல்ல, நம் பெயருக்கு.

எனவே யாரைக் கொண்டு செய்தாலும் நான்கு விஷயங்களை விட்டுக் கொடுக்காதீர்கள். தொலைபேசி எண்ணும் இ-மெயிலும் நம்முடையதாக, அல்லது நம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டு நம்மிடம் இருக்க வேண்டும். தாக்கல் செய்வதற்கு முன் வருமானம் என்ற இடத்தில் என்ன தொகை இருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லவேண்டும். தாக்கல் செய்த பிறகு ஒரு பிரதி வாங்கி வைக்க வேண்டும். ஆதார் ஓ.டி.பி. சொல்வது கைநாட்டு வைப்பதற்குச் சமம். எழுதாத பத்திரத்தில் கைநாட்டு வைப்போமா?

நோட்டுப் புத்தகம் வேண்டும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லியே நம்மில் பலர் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் மிஞ்சவில்லை என்பதை நிரூபிக்கவும் கணக்கு வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாழைத்தார் விற்ற கமிஷன் கடைச் சீட்டு, உர பில், கூலி, குத்தகை இவற்றைத் தேதிவாரியாக எழுதி வையுங்கள். சிட்டா, அடங்கல் நகலையும் சேர்த்து வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காகிதங்களைத் தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

இந்த நோட்டு இருந்தால் நாமே கணக்கு எழுதலாம். ஆடிட்டரிடம் போனாலும் கால் மணி நேரத்தில் வேலை முடியும். இது இல்லாவிட்டால் மென்பொருளுக்கும் ஆடிட்டருக்கும் ஊகம்தான் வழி. அந்த ஊகம்தான் 4,80,000 ரூபாய் வியாபாரமாக முளைக்கிறது.

நம் விவசாயி என்ன ஆனார்? தாக்கல் செய்த அறிக்கையை டிசம்பர் 31-க்குள் திருத்தலாம் என்று இருந்ததால் தப்பினார். அந்த ஆள் போட்டிருந்த இ-மெயிலை மாற்றி, உள்ளே நுழையவே இரண்டு வாரம் ஆயிற்று. அப்புறம் அவருடைய மகள் உட்கார்ந்து, வட்டி 63,000, வியாபாரம் இல்லை, வாழையில் செலவு போக மிச்சம் இவ்வளவு என்று ஐ.டி.ஆர்.-2-ல் எழுதித் திருத்திய அறிக்கையைப் போட்டாள். ஒரு மாலைதான் பிடித்தது. உரிமைத் தொகைக்கு அந்தப் பிரதியோடு மேல்முறையீடு கொடுத்திருக்கிறார்கள். இந்த ஏப்ரலில் பாங்கில் உறுதிமொழிப் படிவமும் கொடுத்தாயிற்று.

எளிய கணக்கை நாமே எழுதுவோம். சிக்கலான கணக்குக்குத் தகுதியுள்ளவரிடம் கூலி கொடுத்துப் போவோம். கமிஷன் பேசுபவரை வாசலோடு அனுப்பிவிடுவோம்.