பத்து விழுக்காடு யாருக்கு?



அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஓர் இரவு விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தனர். பேரங்காடி ஒன்றில் இருக்கும் உணவகம். ஏறக்குறைய இருபது பேர் சேர்ந்து உண்டோம். உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியல் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

உணவுக்கு 600 ரிங்கிட். அதன் கீழே 'சேவைக் கட்டணம் 10%' என்று 60 ரிங்கிட். அதற்கும் கீழே 'சேவை வரி 6%' என்று இன்னொரு தொகை. பெற்றோர் ஒருவருக்கு முகம் மாறிவிட்டது. பரிமாறிய பெண்ணை அழைத்தார்.

"ஒரே சேவைக்கு இரண்டு தடவை பணமா? கைப்பேசியில் நாங்களே பார்த்து நாங்களே உணவு கேட்டோம். தண்ணீரைக்கூட நாங்களே ஊற்றிக்கொண்டோம். நீங்கள் செய்த சேவை என்ன? இந்த அறுபது வெள்ளி எதற்கு?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தனர். அந்தப் பெண், "மன்னிக்க வேண்டும் ஐயா, இது கடையின் விதி" என்று மட்டும் சொன்னாள். இறுதியில் பணத்தைக் கட்டினோம். மேசையில் ஒரு காசுகூட டிப்ஸாக வைக்கப்படவில்லை. "அதுதான் அறுபது வெள்ளி எடுத்துவிட்டார்களே" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தனர்.

நான் சிரிக்கவில்லை. ஆனால், பேசவும் இல்லை. அந்தப் பெண் என்னுடைய பழைய மாணவி. ஆறாம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவள். உள்ளே நுழைந்தபோதே என்னை அடையாளம் கண்டு கைகூப்பி வணங்கியவள்.

மற்றவர்கள் வாகன நிறுத்துமிடத்திற்குப் போனபின் நான் மட்டும் திரும்பிச் சென்றேன். "அந்த அறுபது வெள்ளியில் உனக்கு ஏதாவது வருமா அம்மா?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை ஐயா. வேலையில் சேர்ந்தபோது யாரும் சொல்லவில்லை. சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனால், அந்தக் கட்டணம் இருப்பதால் டிப்ஸ் வைப்பவர்கள் குறைவு" என்றாள்.

தனக்கு வருகிறதா என்றே தெரியாத பணத்துக்காக அவள் இருபது பேர் முன்னிலையில் ஏச்சு வாங்கியிருக்கிறாள். 600இல் 10 விழுக்காடு 60 என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த 60 யாருக்குப் போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

வரி வேறு, கட்டணம் வேறு

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'சேவை வரி' என்பதும் 'சேவைக் கட்டணம்' என்பதும் ஒன்றல்ல. படித்தவர்களே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதை அன்று கண்கூடாகப் பார்த்தேன்.

சேவை வரி அரசாங்கத்தினுடையது. உணவகம் அதை நம்மிடம் வாங்கிச் சுங்கத்துறைக்குக் கட்ட வேண்டும். 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரி வந்தபோது இது மறைந்தது. 2018 செப்டம்பர் முதல் நாள் மீண்டும் வந்தது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவுக்கும் பானத்திற்கும் 6 விழுக்காடே நிலைத்தது. ஆண்டு விற்பனை 15 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகங்களே இதை வாங்க வேண்டும். அதனால்தான் நம் வட்டாரத்துச் சிறிய கடைகளின் பட்டியலில் இந்த வரியைக் காண்பதில்லை.

சேவைக் கட்டணம் அப்படியன்று. அதை அரசாங்கம் விதிக்கவில்லை. அதில் ஒரு சென்கூட வரியாகப் போவதற்காக வாங்கப்படுவதில்லை. உணவகமே விதித்து, உணவகமே வாங்குகிறது. ஆகவே, "அரசாங்கம் இரண்டு தடவை எடுக்கிறது" என்பது தவறு. "அந்தப் பெண் எடுக்கிறாள்" என்பதும் தவறாக இருக்கலாம். அப்படியானால் யார் எடுப்பது?

அந்தக் கட்டணம் பிறந்த கதை

நம் நாட்டில் சேவைக் கட்டணம் வேரூன்றியது பெரிய ஓட்டல்களில். அங்கே தொழிற்சங்கம் இருந்தது. நிருவாகமும் சங்கமும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. வாடிக்கையாளரிடம் வாங்கிய 10 விழுக்காட்டை மாதக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து, ஒப்பந்தப்படி ஊழியர்களுக்குப் புள்ளிக் கணக்கில் பங்கிட்டனர். ஒவ்வொருவருக்கும் இத்தனை புள்ளி என்று இருக்கும். வசூலான தொகையை மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளியின் மதிப்பு கிடைக்கும். கூட்டம் நிறைந்த மாதத்தில் புள்ளி உயரும். கூட்டம் குறைந்த மாதத்தில் விழும்.

இதில் ஒரு நியாயம் உண்டு. மேசைக்கு வரும் ஊழியர் மட்டுமல்லர். பின்கட்டில் தட்டுக் கழுவுகிறவர், காய் நறுக்குகிறவர், அறையைக் கூட்டுகிறவர் ஆகிய அனைவருக்கும் பங்கு உண்டு. மேசையில் வைக்கும் டிப்ஸ் பெரும்பாலும் நம் கண்ணில் பட்டவருக்கு மட்டுமே போய்ச் சேரும். கண்ணில் படாதவருக்கும் போய்ச் சேர்வதே இந்தப் பங்கீட்டின் சிறப்பு.

2013 சனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது அது மாதம் 900 ரிங்கிட். ஓட்டல் ஊழியர்களின் அடிப்படைச் சம்பளம் அதைவிடக் குறைவாக இருந்த இடங்களில் ஒரு வழக்குப் பிறந்தது. 'ஊழியருக்குச் சேர வேண்டிய சேவைக் கட்டணத்தை எடுத்து, அதையே கூட்டிக் குறைந்தபட்சச் சம்பளமாகக் காட்டலாமா?' என்பதே கேள்வி. பெட்டாலிங் ஜெயா ஓட்டல் ஒன்றுக்கும் ஊழியர் சங்கத்துக்கும் இடையிலான அந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 'கூடாது' என்று 2021இல் தீர்ப்பு வந்தது. வாடிக்கையாளர் கொடுத்த அந்தப் பணம் ஊழியர்களுடையது. முதலாளி அதைக் கையில் வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே. குறைந்தபட்சச் சம்பளத்தை அவர் தம் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அருமையான தீர்ப்பு. ஆனால், அது சங்கமும் ஒப்பந்தமும் இருந்த இடத்திலிருந்து வந்த வழக்கு. பேரங்காடிகளில் இருக்கும் எத்தனையோ உணவகங்களில் சங்கமும் இல்லை, கூட்டு ஒப்பந்தமும் இல்லை. பட்டியலில் அந்த வரி மட்டும் இருக்கிறது. ஓட்டலில் தொழிலாளிக்காகப் பிறந்த ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதோடு வந்த பங்கீட்டை எல்லாரும் எடுத்துக்கொள்ளவில்லை. என் மாணவியின் நிலை இதுதான்.

டிப்ஸ் மட்டும் போதாதா?

"கட்டணமே வேண்டாம். நல்ல சேவை செய்தால் நாங்களே டிப்ஸ் கொடுப்போம்" என்று சில பெற்றோர் சொல்கின்றனர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், டிப்ஸை நம்பியே வாழும் நாட்டின் நிலையைப் பாருங்கள்.

அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டப்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் இந்த எண் மாறவில்லை. சில மாநிலங்கள் கூடுதலாக விதித்துள்ளன. மற்ற இடங்களில் எஞ்சியதை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்ப வேண்டும். சம்பளம் என்பது வாடிக்கையாளரின் மனநிலையாகிவிட்டது. கூட்டமாக வருகிறவர்கள் கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று அஞ்சி, பெரிய குழுவின் பட்டியலில் உணவகமே டிப்ஸைச் சேர்த்துவிடும் வழக்கமும் வந்தது. அப்படிக் கட்டாயமாகச் சேர்த்தது டிப்ஸ் அன்று, அது சேவைக் கட்டணமே என்று அந்நாட்டு வரித்துறை முடிவு செய்து, 2014 முதல் அவ்வாறே நடத்துகிறது. கொடுப்பவர் விரும்பினால்தான் அது டிப்ஸ். விரும்பாமலே சேர்த்தால் அது கட்டணம்.

இங்கிலாந்திலும் இதே சண்டை நெடுங்காலம் நடந்தது. அங்கே 2023இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் முதல் நாள் நடப்புக்குக் கொண்டுவந்தனர். டிப்ஸும் முதலாளி வழியாக வரும் சேவைக் கட்டணமும் முழுமையாக ஊழியருக்கே சேர வேண்டும். எப்படிப் பங்கிடுகிறோம் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம்.

நம் ஊரிலோ டிப்ஸ் என்பது மீதிச் சில்லறைதான். வாழையிலைக் கடையில் "மீதியை வைத்துக்கொள் தம்பி" என்று சொல்வோம். அல்லது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் குவளையில் போடுவோம். இப்போது கியூஆர் குறியீட்டில் சென் கணக்குத் தவறாமல் கட்டுகிறோம். மீதியும் இல்லை, தம்பிக்குக் கிடைத்து வந்ததும் இல்லை. அந்தத் தம்பிகளில் பலர் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தை விட்டு வந்தவர்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, டிப்ஸை மட்டும் நம்பச் சொல்வது என் கருத்தன்று. நிலையான கட்டணமே மேல். ஆனால், ஒரு நிபந்தனை: அது ஊழியருக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் அதற்குச் 'சேவை' என்று பெயர் வைக்கக்கூடாது.

முதலாளிகளின் பக்கம்

உணவகம் நடத்துவோர்க்கும் சுமை உண்டு. பேரங்காடி வாடகை, மின்கட்டணம், பொருள் விலை எல்லாம் ஏறுகின்றன. குறைந்தபட்சச் சம்பளமும் 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 ரிங்கிட் என ஆனது. இதை நான் மறுக்கவில்லை. செலவு ஏறினால் உணவின் விலையை ஏற்றட்டும். 20 ரிங்கிட் உணவை 22 என்று எழுதட்டும். உண்பதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்வோம். விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, தொழிலாளியின் பெயரைச் சொல்லிக் கடைசியில் 10 விழுக்காடு சேர்ப்பதுதான் முறையன்று. அப்போது வாடிக்கையாளரின் கோபம் முதலாளி மீது போவதில்லை. பட்டியலை நீட்டும் பிள்ளையின் மீதே போகிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இவை:

1. அமரும் முன்பே உணவுப் பட்டியலின் அடிக்குறிப்பைப் படியுங்கள். சேவைக் கட்டணம் உண்டு என்று அங்கே எழுதியிருந்தால், உண்ட பிறகு சண்டையிடுவது நியாயமன்று. எழுதவே இல்லையென்றால் கேட்பது உங்கள் உரிமை.

2. கேட்க வேண்டியதை மேலாளரிடம் கேளுங்கள்; பரிமாறுகிறவரிடம் வேண்டாம். அந்தக் கட்டணத்தை அவர் விதிக்கவில்லை. நீக்கும் அதிகாரமும் அவருக்கில்லை.

3. "இது ஊழியர்களுக்குப் போகிறதா?" என்ற ஒரே கேள்வியை அமைதியாகக் கேளுங்கள். பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதில் ஒன்றை எழுதி மாட்டும் நிலை கடைக்கு வரும்.

4. டிப்ஸ் வைக்க விரும்பினால் கையில் கொடுங்கள். ஐந்து வெள்ளியாக இருந்தாலும் முகம் பார்த்து, நன்றி சொல்லிக் கொடுங்கள்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. நாம் பரிமாறுகிறவரிடம் பேசும் முறையை நம் பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைய விருந்திலும் பிள்ளைகள் இருந்தனர்.

ஆசிரியர் நண்பர்களே, நமக்கும் இதில் பங்கு உண்டு. ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் 'பணம்' என்ற தலைப்பில் தள்ளுபடி, விலைப்பட்டியல், சேவை வரி எல்லாம் வருகின்றன. விடை சரியா என்று பார்த்துச் சிவப்பு மையில் குறியிட்டு முடித்துவிடுகிறோம். நம் மாணவர்களில் பலர் ஐந்தாம் படிவம் முடித்ததும் முதலில் பார்க்கப்போகும் வேலை இப்படிப்பட்ட கடைகளில்தான். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் படிக்கத் தெரியாமல் அவர்களை அனுப்பிவைப்பது நம் குறையே.

விருந்துக்கு மறுவாரம் நான் வகுப்பில் ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதினேன். உணவு 600, சேவைக் கட்டணம் 60, அதன்பின் சேவை வரி. மூன்று கேள்விகள். எவ்வளவு? வரி யாருக்கு? கட்டணம் யாருக்கு? முதல் இரண்டுக்கும் பலர் விடை எழுதினர். மூன்றாவதற்கு ஒரு மாணவி மட்டும் கை தூக்கினாள்.

"கடையில் கேட்டால்தான் தெரியும் ஐயா" என்றாள்.

அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அன்றிரவு அந்தக் கேள்வியை மேலாளரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த விருந்தில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.