பழைய பழக்கமும் புதிய நிரல்மொழியும்

ஒரு நிரல்மொழியில் பழகிய கை மற்றொன்றிலும் அந்த அப்பியாசத்தையே நாடுவது இயற்கையே. ஆயினும், டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணொன்றை ஏற்றிக்கொண்டே சென்று அணியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தவர்கள், 1991-இல் கீடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தானிலும் அவ்வண்ணமே எழுதுவதும், ஆசிரியர்கள் அதையே மாணவர்க்குப் போதிப்பதும் உசிதமன்று என்பது என் அபிப்பிராயம்.

பைத்தானின் ஃபார் கட்டளை, எண்ணின் துணையை வேண்டாமல், பட்டியலின் உறுப்புகளையே வரிசையாக நம்மிடம் தருகிறது. வரிசை எண்ணும் அவசியமாயின், எனுமரேட் என்னும் சாதனம் இரண்டையும் சேர்த்தே அளிக்கிறது. எல்லையைக் கணக்கிடுகையில் ஒன்று கூடியோ குறைந்தோ போகும் பிழைக்கு இதனால் இடமே எழுவதில்லை.

எனினும், சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே அதே பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கினால், பின்னுள்ளவை ஓரிடம் முன்னே நகர, அடுத்தது பரிசோதனைக்கு உட்படாமலே தப்பிவிடுகிறது; 2, 4, 5 என்ற பட்டியலில் இரட்டை எண்களை இவ்விதம் நீக்கப் புகுந்த மாணவன், 4 எஞ்சி நிற்கக் கண்டு திகைக்கிறான். மொழியோ எவ்வித எச்சரிக்கையும் செய்வதில்லை.

ஆகவே, வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்துப் புதிய பட்டியல் அமைக்கும் முறையை ஆசிரியர்கள் ஆரம்பப் பாடத்திலேயே கற்பிப்பார்களாக.