யாருடைய அஞ்சு மணி?

தமிழில் தன்னம்பிக்கைப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் சாவே கிடையாது: "காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஓடு, முடியலைன்னா நீ சோம்பேறி." இதை யூடியூபில் கேட்டு, புதுச் சப்பாத்து வாங்கி, இரண்டாவது வாரமே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் பினாங்கில் நிறைய பேர். எல்லாரும் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். திட்ட வேண்டியது அந்த வாக்கியத்தை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அது கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஜார்ஜ்டவுன் இருப்பதோ ஏறக்குறைய 100 பாகையில். பாகைக்கு 4 நிமிடம். அப்படியானால் நம் கடிகாரம் சூரியனைவிடச் சுமார் 80 நிமிடம் முந்தி ஓடுகிறது. சென்னையில் இந்த வித்தியாசம் 10 நிமிடம்கூட இல்லை. ஆகவே, இங்கே அஞ்சுக்கு எழுபவர், சென்னைக் கணக்கில் நாலு மணிக்கும் முன்னாலேயே எழுகிறார். பேச்சாளர் சொன்ன அஞ்சு மணி இங்கே ஆறு பத்து. பினாங்கில் விடியவே ஏழு ஆகிவிடும். இருட்டில் உடம்பு எழ மறுத்தால் அதற்குப் பெயர் சோம்பலா?

"தாவரவியல் பூங்காவில் இருட்டோடயே நடக்கிறாங்களே?" என்று கேட்பீர்கள். நடக்கட்டும். இரவு ஒன்பதுக்குத் தூங்க முடிந்தவர்களுக்கு அது சரி. பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து விடியும்போது வீடு திரும்புகிறவருக்கு அதே அறிவுரை வெறும் கேலி. ஓர் இயந்திரம் அடிக்கடி நின்றுபோனால் எந்தப் பொறியாளரும் அதைச் சோம்பேறி என்று சொல்லமாட்டார். கோளாறு எங்கே என்றுதான் தேடுவார்.

நம் இலக்கிய நண்பர்கள் உடனே முரகாமியை இழுத்து வருவார்கள். வரட்டும். அவரும் ஓடத் தொடங்கியது 1982-இல்தான், 33 வயதில். அதற்கு முன் இரவு நேர ஜாஸ் விடுதியை விட்டுவிட்டு, இருட்டியதும் தூங்கி வெளிச்சத்தோடு எழும் வாழ்க்கைக்கு மாறியிருந்தார். முதலில் நாள் மாறியது, ஓட்டம் பிறகு வந்தது. மன உறுதியால் ஓடுவதாக அவரே சொல்லிக்கொள்வதில்லை. அது தன் இயல்புக்குப் பொருந்துகிறது என்கிறார்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த ஊர் ஒரு நல்லதும் செய்திருக்கிறது. வருடம் முழுக்க மாலை ஏழு வரை வெளிச்சம் உண்டு. வேலை முடிந்து ஆறு மணிக்கு இளைஞர் பூங்காவுக்கோ கெர்னி கடற்கரைக்கோ போகலாம். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் புதியவர்களுக்காக எழுதிய 9 வாரத் திட்டம் இன்றும் உலகமெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. வாரத்துக்கு 3 நாள். முதல் வாரத்தில் 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை, இப்படியே 20 நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் ஓடுவது வெறும் 8 நிமிடம். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். யார் முந்திப் போனாலும் போகட்டும்.

எட்டு நிமிடம் ஓடுவதற்கு ஒருவர் தன்னை வெறுக்க வேண்டியதில்லை. அந்த வெறுப்பை ஊட்டித்தான் பேச்சாளர்கள் அரங்கை நிரப்புகிறார்கள். அந்தக் காணொளியை நிறுத்திவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சப்பாத்தை எடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போதும்.