துகிலும் தூநீரும்

உணவும் உடையும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததே. ஆயின் உடையின் பொருட்டு உணவிற்கு முதலாகிய நீரைக் கெடுத்தல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, வத்திராயிருப்பை அடுத்த மலையடிவாரத்தில் பிளவக்கல் அணைகள் உள்ளன. பெரியாறு, கோயிலாறு எனப் பெயரிய அவ்விரண்டும் மேற்கு மலையினின்று இழியும் நீரைத் தேக்கிக் கண்மாய்களையும் நெல்வயல்களையும் புரக்கின்றன. மதகு திறக்கும் நாளை உழவர் ஆவலோடு எதிர்நோக்குவர்.

கொங்கு நாட்டிலும் ஓர் அணை உண்டு. நொய்யலாற்றின் குறுக்கே 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையே அது. பாசனத்திற்கென எழுந்த அதன்கண் சில ஆண்டுகளுக்குள் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கிற்று. உப்பு மிக்க அந்நீர் நிலத்தையும் கிணற்றையும் பாழாக்கியமையால், எந்த அணையால் வாழலாம் என்றிருந்தனரோ அதற்கே அஞ்சி உழவர் நீதிமன்றம் ஏறினர். நைல் நதி இரத்தமான வரலாற்றை வேதத்திற் படிக்கின்றோம். அது பார்வோனுடைய இருதய கடினத்தின் பயன். நொய்யல் நிறம் மாறியதோ மலிவான ஆடையை மட்டுமே நாடிய நம்மனோர் கடினத்தின் பயனன்றோ?

கழிவுநீரைத் துளியும் வெளிவிடாத பட்டறைகளே இயங்கலாம் எனக் கண்டித்து, ஏனையவற்றை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் அம்முறை பரவிற்று. கழிவுநீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்களைக் கொண்டு போக்கி, மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, நல்ல நீரைப் பிரித்தெடுப்பர். எஞ்சியதைக் காய்ச்சி உப்பையும் மீட்பர். நீரும் உப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்கே பயன்படும்.

இதற்குப் பெரும்பொருள் செலவாகும், தொழில் நலியும், ஏழைகள் வேலையிழப்பர் என்பார் உளர். 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டபோது தொழிலாளர் துன்புற்றது மெய்யே. எனினும் அத்துன்பம் தூய்மையால் விளைந்ததன்று. செய்யவேண்டியதைக் காலங்கடத்தியதால் விளைந்தது. பட்டறையார் செலுத்தாத செலவை அதுகாறும் ஆற்றோரத்து உழவனே தன் வயலாற் செலுத்தி வந்தான். மலிவு என்று நாம் கொண்டாடியது அவனுடைய இழப்பேயாம்.

நம் பகுதிக்கு வருவோம். 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய நாள்தொட்டு இவ்வட்டாரத்தில் நூற்றொழில் ஓங்கி வளர்ந்துள்ளது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, காயங்கட்டும் துணிக்குப் பெயர்பெற்றது. நூற்பதற்கு வேண்டும் நீர் சிறிதே. ஆயின் நூலும் துணியும் எங்கேனும் வெளுக்கவும் தோய்க்கவும் பெறும். ஆங்கே ஓர் ஆறோ கிணறோ இருக்குமன்றோ? புண்ணை ஆற்றுந் துணி, ஆற்றைப் புண்படுத்தலாகாது. ஆகலின் நூல் விற்ற அளவில் தம் கடன் தீர்ந்ததென ஆலையார் அமையாது, அது தோயும் இடத்தின் நிலையையும் கேட்டறிதல் வேண்டும். வாங்குவோராகிய நாமும் அந்நற்செலவிற்குரிய விலையை முணுமுணுப்பின்றிக் கொடுத்தல் வேண்டும்.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். வரும் கிறிஸ்துமஸ் நாளுக்குப் புத்தாடை எடுக்கச் செல்லும் நாம், விலையைக் கேட்குமுன் இதனைத் தோய்த்த நீர் எங்கே போயிற்று என்று ஒரு வினா வினவுவோமாக. வினவுவோர் பலரானால் விடையளிப்போரும் விழிப்படைவர். பிளவக்கல்லின் நீர் என்றும் உழவர் விரும்பும் நீராகவே நிலவுக!