ஒரு பெயர், பல குலங்கள்

ஒரே வீட்டிற் பிறந்து ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்த உடன்பிறந்தார் இருவர். மூத்தவர் 60 வயதிலும் முறுக்கைக் கடித்து உண்கின்றார். இளையவரோ 40 வயதிற்கு முன்னரே பற்களுட் பலவற்றை இழந்துவிட்டார். "ஒழுங்காகப் பல் துலக்காதவர்" என்று ஊரார் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்பு முற்றும் நீதியானதுதானா? இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

பற்களை இழக்கச் செய்வது சூத்தை மட்டுமன்று. முரசு நோயும் அதற்குக் காரணமாகும். பல்லும் முரசும் கூடும் விளிம்பிற் பற்றீரியாக்கள் படையாகப் படிகின்றன. அப்படை நீங்காதிருப்பின் முரசு சிவந்து வீங்கி இரத்தம் கசியும். சிலரிடத்தே நோய் அவ்வளவில் நின்றுவிடும். வேறு சிலரிடத்தே அது உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் நாரையும் எலும்பையும் அரித்துவிடும். பெரும்பாலும் நோவு இராமையால், பல் ஆடும் வரை பலர் அதனை உணர்வதில்லை.

இவ்வேற்றுமையை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எமது நாட்டிலேயே நிகழ்ந்தது. நோர்வே நாட்டவரான ஹறால்ட் லோ என்னும் பல் வைத்திய அறிஞரும் அவர்தம் குழுவினரும், 1970ஆம் ஆண்டு முதல் 1985ஆம் ஆண்டு வரை, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்தனர். தொடக்கத்தில் 480 ஆடவர் அதில் இடம்பெற்றனர். அவர்கள் தூரிகையாற் பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ இல்லாதவர்கள். எல்லோர் வாயிலும் அழுக்குப் படை மிகுந்திருந்தது. முரசு அழற்சியும் பரவலாகக் காணப்பட்டது.

ஆயின் முடிவு யாது? நூற்றுக்கு 8 பேரிடத்தே நோய் விரைந்து முற்றியது. 81 பேரிடத்தே மிதமாக வளர்ந்தது. 11 பேரிடத்தே முரசு அழற்சிக்கு அப்பால் ஓர் அடியேனும் செல்லவில்லை. 35 வயதளவில் முதற்பிரிவினரின் பற்களைப் பிடித்திருந்த இழையம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் இழக்கப்பட்டிருந்தது. இறுதிப் பிரிவினரிடத்தே அவ்விழப்பு 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. வாழ்க்கை ஒன்று, துப்புரவின்மையும் ஒன்று, விளைவு மாத்திரம் மூன்று!

இதற்குரிய காரணங்களுள் உடலின் எதிர்ப்புச் சக்தியும் ஒன்று. மற்றொன்றை நாம் பற்றீரியாவினிடத்தே தேடுதல் வேண்டும்.

ஒல்லாந்தரான லீவன்ஹூக் 1683ஆம் ஆண்டிலே தம் பல்லிடுக்கில் இருந்த அழுக்கைத் தாமே அமைத்த நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கி, அதனுள் நெளிந்து திரியும் நுண்ணுயிர்களைக் கண்டு வியந்தார். அவர் கண்டது உருவத்தை மாத்திரமே. உருவம் ஒன்றாயிருப்பினும் குணம் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. மாம்பழம் என்னும் ஒரு பெயருக்குள்ளே கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் விலாட்டும் அடங்குகின்றன அன்றோ? அவ்வாறே ஒரே இனப் பற்றீரியாவினுள்ளும் பல குலங்கள் உள. பற்றீரியா இரண்டாகப் பிரியும்போது பரம்பரையலகுகளைப் படியெடுப்பதில் நேரும் பிழைகளும், பிற பற்றீரியாக்களிடமிருந்து அது பெற்றுக்கொள்ளும் பரம்பரையலகுகளும் இக்குலவேற்றுமைக்குக் காரணமாகின்றன.

முரசு நோயில் முதன்மையாகப் பேசப்படும் போர்பிரோமோனாசு ஜிஞ்சிவாலிசு என்னும் பற்றீரியாவை எடுத்துக்கொள்வோம். அது கலங்களைப் பற்றிக்கொள்ள நுண்மயிர்களைப் பயன்படுத்துகின்றது. அம்மயிரை ஆக்கும் பரம்பரையலகில் ஆறு வகைகள் அறியப்பட்டுள்ளன. யப்பானிய ஆய்வாளர் நோயாளரிடத்தே இரண்டாம் வகையை மிகுதியாகவும், நலமுள்ளோரிடத்தே முதலாம் வகையை மிகுதியாகவும் கண்டனர்.

இதனினும் வியப்பானது, அக்ரிகற்றிபக்டர் அக்டினோமைசெற்றெம்கொமிற்றன்சு என்னும் மற்றொரு பற்றீரியாவின் கதை. புகையிரதம் போல் நீண்ட இப்பெயர் கண்டு வாசகர் அஞ்சற்க! அது எம் வெண்குருதிக் கலங்களைக் கொல்லும் நஞ்சொன்றை ஆக்குகின்றது. அதன் குலங்களுள் ஜே.பி.2 எனப்படுவதில், அந்நஞ்சின் உற்பத்தியை ஆளும் பகுதியில் 530 எழுத்துக்கள் விடுபட்டுள்ளன. அதனாற் கடிவாளம் அறுந்த குதிரைபோல் அது நஞ்சைப் பன்மடங்கு பெருக்குகின்றது.

இக்குலம் வட ஆபிரிக்காவிற் பரவலாக உள்ளது. மொறோக்கோ நாட்டில், பற்றாங்கிழையங்கள் நலமாயிருந்த பாடசாலை மாணவரை இரண்டாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இப்பற்றீரியா இல்லாதவரோடு ஒப்பிடுகையில், அதன் ஏனைய குலங்களைக் கொண்டோருக்கு நோய் தோன்றும் அபாயம் 3 மடங்காகவும், ஜே.பி.2 குலத்தைக் கொண்டோருக்கு 18 மடங்காகவும் இருந்தது. பெயர் ஒன்று, தீமையின் அளவோ வேறு.

எனினும் எல்லாப் பழியையும் கிருமியின் குலத்தின்மேற் சுமத்திவிட்டுத் துலக்காதிருத்தல் பேதைமையாகும். எக்குலத்துப் பற்றீரியாவும் தங்கி வளரப் படை வேண்டும். நாள்தோறும் அதனை அகற்றுதல் எம் கையிலேயே உள்ளது. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் நோயை முற்றச் செய்வன. துலக்கும்போது இரத்தம் கண்டால், துலக்குதலை நிறுத்தாது பல் வைத்தியரை நாடுதல் வேண்டும். இப்பற்றீரியாக்கள் எச்சில் வழியே பரவக்கூடியவை. ஒரே குடும்பத்தாரிடத்தே ஒரே குலம் காணப்படுதலும் உண்டு. ஆதலால் தாய் தந்தையரோ உடன்பிறந்தாரோ இளமையிலே பற்களை இழந்திருப்பின், பிள்ளைகளின் முரசையும் காலத்தோடு சோதிப்பித்தல் நன்று.

இளமையிற் பல் இழந்தவரை இனி நாம் எள்ளாதிருப்போமாக. மற்றொரு கடனும் எமக்குண்டு. பல் துலக்கத் தூரிகை இல்லாதிருந்த தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்தே உலகம் இப்பாடத்தைக் கற்றது. அவர்தம் பேரப்பிள்ளைகளின் வாயைச் சென்றடையும்போதன்றோ அவ்வறிவு நிறைவு பெறும்?