கரண்ட் போனா லிஃப்ட் ஓடுமா?

மாசி மகத் தீர்த்தவாரிக்கு தேவனாம்பட்டினம் வருகிறவர்கள் கடலூரில் ரூம் போடும்போது, ஏ.சி. இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்பார்கள். முட்டிவலிக்காரப் பாட்டி கூட வந்தால், தலைப்பில் உள்ள கேள்வியை முதலில் கேளுங்கள்.

1859-ல் நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் லிஃப்ட் வந்தது. அதுவரை மேல்மாடி அறை என்றால் மலிவு. லிஃப்ட் பரவிய பிறகு அதற்குத்தான் கிராக்கி! கரண்ட் போனால் மறுபடி பழைய கதைதான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபின் கடலூர் பல நாள் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். ஜெனரேட்டர் இருக்கு என்பார்கள். அது லிஃப்டை இழுக்குமா, லைட், ஃபேனோடு சரியா என்று கேட்க வேண்டும். 'ஏ.ஆர்.டி.' என்ற பேட்டரி அமைப்பு இருந்தால், பாதியில் நின்ற லிஃப்டைப் பக்கத்து மாடியில் சேர்த்துக் கதவைத் திறக்கும். அவ்வளவுதான், திரும்ப மேலே ஏற்றாது.

'6 பேர், 408 கிலோ' என்று உள்ளே எழுதியிருப்பது, ஆளுக்கு 68 கிலோ கணக்கு. சூட்கேஸ், குடம் எல்லாம் அதற்குள்தான். வெள்ளம் வந்தால் அடியிலுள்ள குழியில்தான் முதலில் தண்ணீர் சேரும். அப்போது படிதான் நல்லது.

தரைத்தள ரூமை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திருவிழா அன்று போய்க் கேட்டால் மூன்றாவது மாடிதான் மிஞ்சும்.