ஃபார்வர்டு பட்டனுக்கு யார் பொறுப்பு?

2018 மே 9. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கத்து அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி வழி கேட்டு, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு குடும்பத்தை, பிள்ளை பிடிக்கிறவங்கன்னு ஊர் கூடி அடித்தது. சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அந்த நாட்களில் வட மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

அடித்தவர்கள் கைதானார்கள். சரிதான். மறுநாளே, எஸ்.வி.சேகரின் முன்ஜாமீன் மனுவைத் தள்ளிய சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றை ஃபார்வர்டு செய்வது அதை ஆமோதிப்பதற்குச் சமம் என்றது. அதுவும் இருக்கட்டும். ஆனால் ஃபார்வர்டு செய்தவனுக்கு வழக்கு, ஃபார்வர்டு பட்டனை வைத்தவனுக்குப் பாதுகாப்பு என்றால் அது என்ன நியாயம்?

அந்தப் பாதுகாப்பின் பெயர் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 79. அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2004இல் யாரோ விற்பனைக்குப் போட்ட ஒரு ஆபாச வீடியோவுக்காக பாஸீ.காம் தலைவரைக் கைது செய்தார்கள். அப்படியே போயிருந்தால் இந்தியாவில் ஒரு சின்ன இணையதளம்கூடப் பிழைத்திருக்காது. 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் நீக்கும் கடமை என்றது. நல்ல தீர்ப்பு.

கீழ்பென்னாத்தூர் திருவிழாவில் மேடையில் ஒருத்தர் அவதூறாகப் பேசினால் மைக் செட்காரர் மேல் கேஸ் போட மாட்டோம். ஆனால் அவர் இழுத்த வயர் தொங்கி, அதைத் தொட்டு ஒரு பிள்ளை செத்தால்? ‘நான் பேசலையே’ என்று அவர் தப்பிக்க முடியுமா?

அத்திமூருக்கு இரண்டு மாதம் கழித்து, மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐந்து பேர் கொல்லப்பட்ட பிறகு, வாட்ஸ்அப் அசைந்தது. இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்றது. கோடு எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: எத்தனை பேருக்குப் போகலாம் என்பது ஒரு எண். அதை யாரோ ஒரு எஞ்சினியர் முடிவு செய்கிறார். முன்பு இருந்த பெரிய எண்ணும் அப்படி முடிவு செய்யப்பட்டதுதான். ஒரு செய்தியைக்கூடப் படிக்காமல், குறியாக்கத்தை உடைக்காமல் அதைக் குறைக்க முடிந்தது என்றால், முன்னாடியே குறைத்திருக்கவும் முடியும்.

அரசு என்ன செய்தது? 2021 விதிகளில், நீக்க அப்போது 36 மணி நேரக் கெடு வைத்தது. கேட்டால் முதலில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இதில் எது அந்த அம்மாவைக் காப்பாற்றியிருக்கும்? முதலில் அனுப்பியவனைத் தேடினால் ஏதோ ஒரு கிராமத்துப் பையன் சிக்குவான். அந்த அதிகாரம் கையில் இருந்தால் நாளைக்கு அரசை விமர்சித்தவனும் சிக்குவான்.

பெறுபவரைத் தேர்ந்தெடுக்காதவருக்கே பாதுகாப்பு என்று பிரிவு 79இலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. யாருக்கு எதைக் காட்டலாம் என்று நாள் முழுக்கத் தேர்ந்தெடுக்கிற யூடியூபும் ஃபேஸ்புக்கும் அதை எப்படித் தாண்டுகின்றன என்று கேளுங்கள்.

பயனர் பேச்சுக்கு நிறுவனத்தைத் தண்டிக்க வேண்டாம். தான் வடிவமைத்த வேகத்துக்கு அது பதில் சொல்லட்டும்.